கரண்டு போய் வந்தா சர்வீஸ் ஏன் எழுந்திரிக்க மாட்டேங்குது? லினக்ஸ் கேள்வி பதில்

லினக்ஸ்ல சர்வீஸ் (பின்னணில தானா ஓடுற புரோகிராம்) எழுதுறது, ஓட்டுறது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், வந்ததுல நெறைய நம்ம சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல இருந்துதான், அதுலயும் பெரும்பாலானது கரண்டு போய் வந்ததுக்கு அப்புறம் வர்ற பிரச்சனை. சாயங்காலம் மழை, இடி, ஒரு டிரிப், எல்லா மெஷினும் ஒண்ணா அணைஞ்சு ஒண்ணா எழுந்திரிக்கும், அப்பதான் எந்த சர்வீஸ் ஒழுங்கா எழுதியிருக்கு எது இல்லன்னு தெரிய வரும். கமாண்டு எல்லாம் காதுல விழுற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், அடிக்கிறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

கேள்வி: அண்ணே, எங்கப்பா செம்பனைக் குலை வாங்குற ராம்ப் வெச்சிருக்காரு. லாரி எடை மெஷின்ல இருந்து எடையைப் படிச்சு மரியாடிபிங்கற டேட்டாபேஸ்ல ஏத்தி சீட்டு அடிக்கிற மாதிரி நானே பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி சர்வீஸா போட்டேன். நானா கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணா நல்லா வருது. கரண்டு கட் ஆகி வந்தா மட்டும் வரவே மாட்டேங்குது, "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி"ன்னு செவப்பு எழுத்துல காட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுது. ரீஸ்டார்ட் ஆல்வேஸ்னு போட்டும் பாத்துட்டேன், அப்பாகிட்ட ஏச்சு வாங்கி முடியலை லா.
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, பதிலுக்கான துப்பு உங்க கேள்விலயே இருக்கு. நீங்க அணைச்சா வருது, கரண்டு அணைச்சா வரல. அந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் யோசிங்க.

முதல்ல அந்த செவப்பு வரியை விட்டுடுங்க. அது கோளாறு இல்ல, லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாத்தையும் கிளப்பி நிறுத்துற சிஸ்டம்டி "நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், இனிமே முடியாது"ன்னு கையை விரிக்கிற வரி. உண்மையான காரணம் அதுக்கு மேல எங்கயோ இருக்கும். சிஸ்டம்டியோட பதிவேடான ஜர்னலைப் பாக்க ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ போட்டு உங்க சர்வீஸ் பேரு, கூடவே மைனஸ் பி, அப்பதான் இந்த தடவை பூட் ஆனதுல இருந்து மட்டும் காட்டும், அதை மேல இருந்து படிங்க. நெறைய பேரு கடைசி வரியைப் பாத்துட்டு அதையே கூகுள்ல தேடுறாங்க, முதல் தடவை விழுந்தப்ப என்ன சொல்லுச்சுன்னு பாக்குறதே இல்ல. உங்களுக்கு அங்க டேட்டாபேஸோட கனெக்ட் ஆக முடியலன்னு ஒரு பைத்தான் எரர் இருக்கும்னு நெனைக்கிறேன்.

ஏன்னா நீங்க ஒழுங்கா ஷட்டவுன் பண்றப்ப மரியாடிபி எல்லாத்தையும் எழுதி முடிச்சு மூடிட்டுப் போகும், அடுத்த தடவை சட்டுனு தெறந்துக்கும். கரண்டு பட்டுனு போச்சுன்னா பாதில விட்ட கணக்கு இருக்கும், அடுத்த தடவை எழுந்திரிக்கிறப்ப அதோட இன்னோடிபி லாக் (மாத்தங்களைக் குறிச்சு வெக்கிற ஃபைல்) எல்லாம் படிச்சு சரி பண்ணிட்டுத்தான் கதவைத் தெறக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இது நல்லாவே நேரம் எடுக்கும். அதுக்குள்ள உங்க புரோகிராம் போய்க் கதவைத் தட்டி, பதில் இல்லன்னு செத்துடுது. ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டிருக்கீங்க, சரி, ஆனா சிஸ்டம்டி மறுபடி கிளப்புறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் காத்திருக்கும்னா நீங்க ஒண்ணும் சொல்லலன்னா வெறும் 100 மில்லிசெகண்டு. 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல கிளப்பக்கூடாதுங்கறதும் அதோட பொதுவான கணக்கு. அதனால உங்க சர்வீஸ் சில செகண்டுலயே அஞ்சு உயிரையும் செலவழிச்சுடுது, மரியாடிபி தயாராகுறப்ப இங்க கேக்க ஆளே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுறதுக்கும் இதுதான் காரணம், அப்ப டேட்டாபேஸ் வந்திருக்கும்.

சரி பண்ற வழி உங்க சர்வீஸ் ஃபைல்லதான் இருக்கு. யூனிட் செக்‌ஷன்ல ஆஃப்டர், வான்ட்ஸ் ரெண்டுலயும் மரியாடிபி டாட் சர்வீஸ்னு போடுங்க. ரெண்டும் வேணும், இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும், "அவன் வந்தா அவனுக்குப் பின்னாடி நான்"னு, அவனைக் கூப்பிடாது. வான்ட்ஸும் அதே மாதிரி இன்னொரு வரியான ரிக்வயர்ஸும் கூப்பிடும், ஆனா வரிசை பாக்காது, ரெண்டையும் ஒரே நேரத்துல கிளப்பி விட்டுடும். ரிக்வயர்ஸ் போட்டுட்டேனே அப்புறம் ஏன் முன்னாடியே ஓடுதுன்னு கேக்குறவங்க எல்லாருக்கும் இதே பதில்தான். மரியாடிபி சர்வீஸ் நோட்டிஃபை டைப், அதாவது "நான் தயார்"னு அதுவே வாய் தெறந்து சொன்ன பிறகுதான் சிஸ்டம்டி அடுத்த ஆளை விடும், அதனால இந்த ஒரு மாத்தத்துலயே உங்க பிரச்சனை முக்காவாசி தீரும்.

ஆனா அதோட நிறுத்தாதீங்க. ஆஃப்டர் கிளம்புற நேரத்துக்கு மட்டும்தான் காவல், மத்தியானம் லாரி வரிசையா நிக்கிறப்ப டேட்டாபேஸ் ஒரு தடவை விழுந்து எழுந்தா அது காப்பாத்தாது. சர்வீஸ் செக்‌ஷன்ல ரீஸ்டார்ட்செக் 5ன்னு வெச்சுடுங்க, அஞ்சு அஞ்சு செகண்டு விட்டுக் கிளப்பினா 10 செகண்டுல அஞ்சு தடவைங்கற எல்லையை எட்டவே எட்டாது, விடாம முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும். அப்புறம் புரோகிராம்லயே கனெக்‌ஷன் போச்சுன்னா சாகாம மறுபடி முயற்சி பண்ற மாதிரி எழுதுங்க, அதுவரைக்கும் வந்த எடையை ஒரு ஃபைல்லயாவது வெச்சுக்கணும். குலை கொண்டு வந்து எறக்குறவங்களுக்கு அந்த எடைதான் காசு, ஒரு சீட்டு காணாமப் போனா அது கம்ப்யூட்டர் பிரச்சனையா நிக்காது.

இன்னும் ரெண்டு விஷயம், கேக்கலன்னாலும் சொல்லிடறேன். எடை மெஷினை யூஎஸ்பி வயர் வழியா மாட்டியிருந்தா டிடிஒய்யூஎஸ்பி 0ன்னு எழுதாதீங்க, பூட் ஆகுறப்ப இன்னொரு சாமான் முந்திக்கிட்டா அது 1 ஆயிடும், டெவ் ஃபோல்டர்ல சீரியல்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பை-ஐடில இருக்குற நீளமான பேரை எழுதுங்க, அது மாறாது. ரெண்டாவது, பைத்தான் பிரிண்ட் பண்றது ஜர்னல்ல உடனே வராது, சேத்து வெச்சு மொத்தமாத்தான் தள்ளும், செத்துப்போனா சில சமயம் வராமலே போயிடும். சர்வீஸ் ஃபைல்ல புரோகிராமை ஓட்டச் சொல்ற எக்ஸெக்ஸ்டார்ட் வரில பைத்தானுக்குப் பக்கத்துல மைனஸ் யூ சேத்துடுங்க, அப்பதான் அடுத்த தடவை எங்க விழுந்துச்சுன்னு கண்ணால பாக்கலாம். ஃபைலை மாத்தின பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் மறக்காதீங்க. முடிஞ்சா அந்த கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கித் தரச் சொல்லி அப்பாகிட்ட கேளுங்க, நியாயமான செலவு.

கேள்வி: ஐயா, எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல ராஸ்பெரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர் வெச்சு காலைல 5.30க்கு அம்மன் பாட்டு போடுற மாதிரி ஒரு பையன் டைமர் செஞ்சு குடுத்தான், இப்ப அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். கரண்டு போய் வந்தா கண்ட நேரத்துல பாட்டு போடுது, ஒரு தடவை காலை 9 மணிக்கு, ஒரு தடவை ராத்திரில. பக்கத்துல குடியிருக்குறவங்க வருத்தப்படுறாங்க.
(கோயில் கமிட்டி உறுப்பினர்)

பதில்: ஐயா, பையன் செஞ்சது தப்புன்னு சொல்ல முடியாது, அந்த பெட்டிக்கு கடிகாரம் இல்லங்கறதுதான் விஷயம். சாதாரண கம்ப்யூட்டர் போர்டுல ஒரு சின்ன பேட்டரி இருக்கும், கரண்டு இல்லன்னாலும் மணி ஓடிக்கிட்டே இருக்கும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் அது கிடையாது, 5ல கடிகாரம் உண்டு ஆனா பேட்டரியை நாமதான் தனியா வாங்கி மாட்டணும். அதனால கரண்டு வந்ததும் அது கடைசியா எழுதி வெச்ச நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிக்குது, அப்புறம் இன்டர்நெட் கெடைச்சதும் சரியான மணிக்குத் தாவுது. கரண்டு விடிகாலை 4க்குப் போய் 9க்கு வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. பெட்டி 4 மணின்னு நெனைச்சு டைமரை ஓட்டும், இன்டர்நெட் வந்ததும் 4ல இருந்து 9க்கு ஒரே தாவு, நடுவுல 5.30 கடந்துடுச்சேன்னு உடனே பாட்டைப் போட்டுடும்.

டைமர் ஃபைல்ல பெர்சிஸ்டன்ட் ட்ரூன்னு ஒரு வரி இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க, இருந்தா எடுத்துடுங்க. மெஷின் அணைஞ்சிருந்தப்ப தவறிப்போன வேலையை வந்ததும் செய்யுங்கறது அதுக்கு அர்த்தம். பேக்கப் எடுக்குற டைமருக்கு அது அவசியம், தவறினா அப்புறமாவது எடுக்கணும். பாட்டுக்கு அது ஆகாது, 5.30க்குப் போட வேண்டியதை ராத்திரி கரண்டு வந்ததும் போட்டா சாமிக்கே பொறுக்காது. உங்க ராத்திரி பாட்டுக்கு இதுதான் காரணமா இருக்கணும்.

அடுத்து, சிஸ்டம்டி-டைம்-வெய்ட்-சிங்க்னு ஒரு சர்வீஸ் இருக்கு, அதை எனேபிள் பண்ணுங்க. மணி குறிச்சு ஓடுற டைமர் எல்லாம் நேரம் சரியான பிறகு கிளம்பணும்னு சிஸ்டம்டில ஏற்கனவே ஏற்பாடு உண்டு, ஆனா "நேரம் சரியாயிடுச்சு"ன்னு உறுதியா சொல்ற ஆள் இவர்தான், இவரை எனேபிள் பண்ணலன்னா அந்த ஏற்பாடு பேருக்குத்தான். இன்டர்நெட் இல்லாத நாள்ல டைமர் கிளம்பாமலே காத்துக்கிட்டிருக்கும்ங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க. கோயில்ல லைன் அவ்வளவு நம்பிக்கையா இல்லன்னா டிஎஸ்3231ன்னு பேட்டரியோட ஒரு சின்ன கடிகார போர்டு விக்குது, விலை அதிகமில்ல, அதை மாட்டிட்டா இந்த குழப்பமே இல்ல, நான் அதைத்தான் செய்யச் சொல்வேன். டைம்டேட்சிடிஎல் அடிச்சு நேர மண்டலம் ஆசியா கோலாலம்பூர்னு இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க. யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல இருந்தா நமக்கும் அதுக்கும் 8 மணி நேர வித்தியாசம், பெட்டியோட 5.30 இங்க மத்தியானம் 1.30.

கேள்வி: எங்க தமிழ்ப்பள்ளி கம்ப்யூட்டர் லேப்ல பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டிருக்கோம். அதுல சிலது மட்டும் தெறக்குறப்ப "ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்"னு சொல்லி 1 நிமிஷம் 30 செகண்டு எண்ணிட்டுத்தான் வருது. பிள்ளைங்களுக்கு பாட நேரமே 30 நிமிஷம்.
(ஆசிரியை)

பதில்: டீச்சர், எண்ணுற அந்த வரிலயே யூயூஐடின்னு நீளமா ஒரு நம்பர் ஓடும், அதைக் குறிச்சுக்குங்க. இப்ப அந்த மெஷின்ல இல்லாத ஒரு டிஸ்க் பகுதியோட நம்பர் அது, இருக்குன்னு ஈடிசி ஃபோல்டர்ல எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுதியிருக்கும், சிஸ்டம்டி அது வரும் வரும்னு 90 செகண்டு பாத்துட்டு விட்டுடுது. அதுக்கப்புறமும் மெஷின் வருதுன்னா பெரும்பாலும் அது ஸ்வாப் பகுதி (மெமரி பத்தாதப்ப உதவுற டிஸ்க் இடம்), யாரோ டிஸ்க்கை மறுபடி பிரிச்சப்ப ஸ்வாப்பை புதுசா செஞ்சு நம்பர் மாறியிருக்கும். பிஎல்கேஐடி அடிச்சா இப்ப உண்மையா இருக்குற நம்பர் எல்லாம் வரும், ஒப்பிட்டுப் பாத்து எஃப்எஸ்டேப்ல மாத்துங்க, இல்ல அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹாஷ் போட்டு நிறுத்துங்க. டேட்டா டிஸ்க்கா இருந்தா நோஃபெயில்னு சேத்துடுங்க, அது இல்லாம டிஸ்க் காணாமப் போனா மெஷின் எமர்ஜென்சி மோடுல போய் நின்னுடும், பிள்ளைங்க முன்னாடி கறுப்புத் திரையைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். மத்த மெஷின் எதுல நேரம் போகுதுன்னு பாக்க சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் அடிங்க. பிளேம்னும் ஒண்ணு இருக்கு, அது காட்டுற பட்டியல்ல மேல இருக்குறதெல்லாம் பூட்டை நிறுத்தி வெச்சதுன்னு அர்த்தம் இல்ல, பக்கத்துல தானா ஓடிக்கிட்டிருந்ததும் அதுல வரும்.

கேள்வி: ஸ்கிரிப்ட் ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, எக்ஸிகியூட் பெர்மிஷனும் குடுத்தாச்சு, சர்வீஸ் மட்டும் ஸ்டேட்டஸ் 203, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு சொல்லுது. விண்டோஸ்ல எழுதி பென்டிரைவ்ல கொண்டு வந்தேன்.
(தோட்ட ஆபீஸ் கிராணி)

பதில்: விண்டோஸ்ல எழுதினதுதான் காரணம் அண்ணே. ஒவ்வொரு வரி கடைசிலயும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை சேத்துடும். முதல் வரில பேஷ்னு எழுதியிருக்கீங்க, லினக்ஸ் அதை பேஷ் கூட அந்த எழுத்தும் சேந்த பேரா எடுத்துக்கிட்டுத் தேடுது, அப்படி ஒண்ணு கிடையாது, அதைத்தான் இல்லன்னு சொல்லுது, உங்க ஸ்கிரிப்டை இல்ல. டாஸ்டூயூனிக்ஸ்னு ஒரு சின்ன டூல் இருக்கு, ஃபைல் பேரைக் குடுத்து ஓட்டுங்க, முடிஞ்சது.

கேள்வி: லிப் ஃபோல்டர்ல இருக்குற சர்வீஸ் ஃபைலை எடிட் பண்ணி நல்லா ஓடிச்சு, அப்டேட் வந்ததும் என் மாத்தம் எல்லாம் போச்சு.
(கம்ப்யூட்டர் கடைக்காரர்)

பதில்: அது பேக்கேஜோட இடம், அப்டேட் வந்தா அதுக்கு மேல எழுதத்தான் செய்யும். சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு சர்வீஸ் பேரைக் குடுங்க, மாத்த வேண்டிய வரியை மட்டும் எழுதுங்க, அது ஈடிசி பக்கம் தனி ஃபைலா உக்காந்துக்கும், அப்டேட் தொடாது. எக்ஸெக்ஸ்டார்ட்டை மாத்துறீங்கன்னா முதல்ல எக்ஸெக்ஸ்டார்ட் ஈக்குவல்னு காலியா ஒரு வரி, அதுக்கு அடுத்த வரில புதுசு. காலி வரி போடலன்னா ரெண்டு ஆயிடும், சாதாரண சர்வீஸ் அதை ஏத்துக்காது. கடைசியா எது எதுல இருந்து வருதுன்னு பாக்க சிஸ்டம்சிடிஎல் கேட்.

கேள்வி: அண்ணே, ஈப்போல டிப்ளோமா படிக்கிறேன், ஊரு இங்கதான். சொந்தமா ஒரு சர்வர் புரோகிராம் எழுதுறேன். டீமன்னா (பின்னணில ஓடுற புரோகிராம்) ரெண்டு தடவை ஃபோர்க் பண்ணணும் (தன்னைப் போல இன்னொரு புராசஸை உண்டாக்கணும்), பிஐடி ஃபைல்ல புராசஸ் நம்பரை எழுதணும்னு பழைய நோட்ஸ்ல இருக்கு. கூட படிக்கிற பையன் சிஸ்டம்டியே வேஸ்ட், அது இல்லாத லினக்ஸ் போடுங்கறான். எதை நம்புறது?
(மாணவர்)

பதில்: தம்பி, சண்டையோட கதையை சுருக்கமா சொல்லிடறேன். சிஸ்டம்டி 2010ல லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது, 2011ல ஃபெடோரா 15 முதல்ல எடுத்துக்கிச்சு, 2014ல டெபியன் டெக்னிக்கல் கமிட்டி ரொம்ப நாள் வாதாடி ஓட்டுப் போட்டு ஏத்துக்கிச்சு, 2015ல டெபியன் 8, உபுண்டு 15.04 ரெண்டும் அதோட வந்துச்சு. பிடிக்காதவங்க பிரிஞ்சு சிஸ்டம்டி இல்லாத டெவுவான் ஆரம்பிச்சாங்க, அது இன்னும் நடக்குது. அதே வேலைக்கு ஆல்பைன் லினக்ஸ்ல ஓபன்ஆர்சி, வாய்டு லினக்ஸ்ல ரன்இட். ஒரு புரோகிராம் இவ்வளவு வேலையைத் தன் கைல எடுத்துக்கலாமாங்கற அவங்க கேள்வி மதிக்க வேண்டிய கேள்வி, உங்க கூட்டாளியைத் திட்டாதீங்க. ஆனா நாளைக்கு நீங்க வேலைக்குப் போற இடத்துல ரெட்ஹேட்டோ உபுண்டுவோ இருக்கும், அதுல சிஸ்டம்டிதான் இருக்கும், அதனால இதை ஆழமா கத்துக்குங்க, ஓபன்ஆர்சியை ஒரு பழைய லேப்டாப்ல போட்டுப் பாருங்க, ரெண்டையும் பாத்தவனுக்குத்தான் எது ஏன்னு புரியும்.

இப்ப உங்க புரோகிராம். ஃபோர்க் எல்லாம் வேணாம், அது புரோகிராமே தன்னைத்தானே பின்னாடி அனுப்பிக்க வேண்டியிருந்த காலத்து வழக்கம். நேரா முன்னாடி ஓடுங்க, டைப் சிம்பிள்னே விடுங்க. ஃபோர்க் பண்ணிட்டு டைப் சிம்பிள்னு வெச்சா தாய் புராசஸ் முடிஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சு சிஸ்டம்டி பிள்ளையையும் சேத்துக் கொன்னுடும், "ஸ்டார்ட் ஆச்சு உடனே நின்னுடுச்சு"ன்னு பல பேரு தலையைப் பிச்சுக்குறது இதுலதான். பிஐடி ஃபைலும் வேணாம், எந்த புராசஸ் யாரோடதுன்னு கெர்னலோட சிகுரூப் (புராசஸ்களைக் குழுவா பிரிச்சு வெக்கிற வசதி) வழியா அதுக்கே தெரியும். லாக் ஃபைல் எழுதுற கோடும் வேணாம், ஸ்டாண்டர்டு அவுட்புட்ல எழுதுங்க, ஜர்னல் வாங்கிக்கும்.

நீங்க உண்மையா மெனக்கெட வேண்டியது நிக்குற இடத்துல. சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் அடிச்சா முதல்ல முடிச்சுக்கோன்னு சொல்ற சிக்டெர்ம் சிக்னல் வரும், அதைப் பிடிச்சு கைல இருக்குற வேலையை முடிச்சு, கனெக்‌ஷனை மூடி, அமைதியா வெளிய வாங்க. பிடிக்காம கண்டுக்காம இருந்தீங்கன்னா வழக்கமா 90 செகண்டு பொறுத்துப் பாத்துட்டு கேக்காமலே கொல்ற சிக்கில் சிக்னலை அடிக்கும், அப்ப எழுதிக்கிட்டிருந்த ஃபைல் பாதில நிக்கும், ஷட்டவுன் பண்றவரும் ஒன்றரை நிமிஷம் திரையைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ரூட்டா ஓட்டாதீங்க, யூசர் வரில தனி ஆளைப் போடுங்க. எக்ஸெக்ஸ்டார்ட்ல பைப்பு, ரீடைரக்‌ஷன் எதுவும் வேலை செய்யாது, அங்க ஷெல் கிடையாது. உங்க டெர்மினல்ல ஓடுறது சர்வீஸ்ல ஓடலன்னா பாதை, ஃபோல்டர், யூசர், என்விரான்மென்ட் வேரியபிள் இந்த நாலுல ஒண்ணுதான் பெரும்பாலும், புரோகிராமைக் கை வைக்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. எழுதி முடிச்சதும் சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை போட்டு ஃபைலைக் குடுத்தா எழுத்துப்பிழை எல்லாம் காட்டிடும், அதுக்கப்புறம் எனேபிள் பண்ணுங்க. எனேபிள் அடுத்த பூட்டுக்குத்தான், இப்பவே ஓடணும்னா கூடவே மைனஸ் மைனஸ் நவ்னு சேக்கணும். அப்புறம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைக்கிற மாதிரி ஒரு சோதனையும் பண்ணிடுங்க, முக்கியமான ஃபைல் எதுவும் இல்லாத பழைய மெஷின்லயோ விர்ச்சுவல் மெஷின்லயோ, ஏன்னா இந்த ஊர்ல அந்த நெலமை உங்க புரோகிராமுக்கு சீக்கிரமே வரும்.